நுவாலா பேர்ல போன கேள்வி

பையை மேல வைக்காதீங்க அண்ணாச்சி. வளைவுல உருண்டு எவன் மண்டையிலயாவது விழும். இப்படிக் காலுக்கடியில தள்ளிக்கிடுங்க. முறுக்கா? மணம் தூக்குது. மகளுக்கா? ஏர்போர்ட்டுல இதைப் பிடுங்காம விட்டாங்களே, அதுவே பெரிய காரியம்.

தமிழ்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்கீங்களா? பஸ்ஸுல ஏறுனதும் ஃபோன்ல "ஏட்டி, ஏறிட்டேன்"னு சொன்னீங்கள்லா, அந்த ஏட்டியிலயே தெரிஞ்சு போச்சு. எந்த ஊரு? ஏரலா! அப்ப நம்ம பக்கந்தான். நான் தூத்துக்குடி. பேரு பிரகாசி. இங்க உள்ளவங்க வாயில அது ப்ரகாஸி ஆகி, ப்ரக்காவாகி, இப்ப ஒரு கெழவரு 'பேகி'ன்னு கூப்பிடுதாரு. போகட்டும்னு விட்டுட்டேன்.

கில்ப்ரானிக்குத்தான போறீங்க? ஆஸ்பத்திரியில நர்ஸா மக? எங்க வீட்டுக்காரரும் அங்க நர்ஸ்தான். தொபியாஸ்னு கேளுங்க, தெரியும். எறங்குற எடத்தைப் பத்திக் கவலையே படாதீங்க. சந்திப்புல நிப்பாட்டுவான். அங்கேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நடைபாதை இருக்கு, லைட்டு இருக்கு. பெட்டியை உருட்டிக்கிட்டே போயிரலாம்.

அந்த நடைபாதையைக் கொண்டாந்தது யாரு தெரியுமா?

நான்.

சிரிக்காதீங்க. திறப்பு விழாக் கல்லுல என் பேரு இல்லைங்கது வாஸ்தவந்தான். மந்திரி பேரு இருக்கு. கவுன்சில் பேரு இருக்கு. நுவாலா பேரு இல்ல, அது அவளே வேண்டாம்னுட்டா. ஆனா கொண்டாந்தது நான். கேளுங்க, பஸ்ஸு போய்ச் சேர நேரம் கெடக்கு.

நுவாலா ஹெஃபர்னன்னு எங்க பக்கத்து எம்.பி. இங்க எம்.பி.ன்னு சொல்ல மாட்டாங்க, டி.டி.ம்பாங்க. டி.டி.ன்னா நமக்கு பேங்க்ல எடுக்குற டிராஃப்ட்தான? எனக்கும் மொதல்ல அதான் நெனப்பு வந்துச்சு. பார்லிமெண்டுக்குப் பேரு டால். எழுதுறது என்னமோ வேற, வாயில வாரது டால். பருப்புதான்! நான் வந்த புதுசுல எங்க வீட்டுக்காரரு, "நம்ம டி.டி. இன்னைக்கு டால்ல பேசுனா"ன்னு சொன்னப்ப, இந்த மனுசனுக்கு நைட் ட்யூட்டி பாத்துப் பாத்து மூளை கலங்கிட்டுதுன்னு நெனச்சேன்.

நான் அவகிட்ட வேலைக்குச் சேந்தது ஒரு கதை. என் விசா அட்டை வரத் தாமதமாச்சுன்னு மனு எழுதிக்கிட்டு அவ கிளினிக்குக்குப் போனேன். கிளினிக்னா ஊசி மருந்து இல்ல அண்ணாச்சி. சனிக்கிழமை காலையில ஒரு ஹோட்டலு பின்கட்டுல உக்காந்திருப்பா, சனங்க வந்து குறையைச் சொல்லும். அதுக்குப் பேரு கிளினிக். என் மனுவை வாசிச்சா. திருப்பி வாசிச்சா. "இதை எந்த வக்கீல் எழுதுனாரு?"ன்னு கேட்டா. "நான்தான்"ன்னேன். தூத்துக்குடியில கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை பாத்தவ நான். கப்பல்ல வந்த பொருளை வெளிய எடுக்க எழுதி எழுதியே விரலு தேஞ்சவ. "அட்டை வரட்டும், வந்ததும் என்கிட்ட வா"ன்னா. அட்டை வந்துச்சு. போனேன்.

மொத வாரமே எனக்கு ஏமாத்தமாப் போச்சு. எம்.பி.ன்னா ஒரு தோரணை வேண்டாமா? இவ தானே கார் ஓட்டுதா. அந்தக் கார்ல பின்னாடி சீட்டுல ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு கறுப்புக் கோட்டு, பாதி தின்ன சாண்ட்விச். பூட்ஸ் எதுக்குன்னா வயக்காட்டுல தண்ணி நிக்குதுன்னு கூப்பிட்டா போறதுக்கு. கறுப்புக் கோட்டு எதுக்குன்னா துக்க வீட்டுக்கு. ஒரு சாவு விட மாட்டா! செவ்வாக்கிழமை டப்ளின் போவா, பார்லிமெண்டுல உக்காருவா, வியாழக்கிழமை திரும்பி வருவா, வந்த கையோட எவனோ ஒரு கெழவன் சவப்பெட்டிக்குப் பக்கத்துல கியூவுல நிப்பா. அவன் மக கையைப் பிடிச்சு, "உங்க அப்பா ஆட்டுச் சந்தையில என்கிட்ட ஒரு தடவை சண்டை போட்டாரு"ன்னு சொல்லுவா. அந்தப் பிள்ள அழுகையோட சிரிக்கும். இதெல்லாம் ஒரு எம்.பி. செய்யுற வேலையா?

மேடம்னு கூப்பிட்டா திரும்ப மாட்டா. நுவாலான்னுதான் கூப்பிடணும். எனக்கு ரொம்ப நாள் நாக்கு வரல. அவ பேரு வார எடத்துல ஒரு இருமல் இருமிச் சமாளிச்சேன். சளி பிடிச்சிருக்குன்னு எனக்கு ஒரு பாட்டில் தேன் வாங்கிக் கொடுத்தா.

டப்ளின்ல அவ பாக்குற வேலையில எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான். கேள்வி. மந்திரிமாருக்கு எழுத்துல கேள்வி அனுப்பலாம். மந்திரி கண்டிப்பா பதில் சொல்லியாகணும். பதில் அச்சுல வரும். இன்னார் கேட்டது, மந்திரி சொன்னதுன்னு காலத்துக்கும் நிக்கும். சனங்க வந்து சொல்லுற குறையை நான் கேள்வியா எழுதுவேன், அவ பாத்துச் சரின்னதும் டப்ளினுக்கு அனுப்பிருவேன். ஒருத்தருக்குக் காது மிஷின் வரல. ஒருத்தருக்கு மக போற பள்ளிக்கூட பஸ்ஸு இல்ல. ஒரு அம்மா பக்கத்து வீட்டுச் சேவலைப் பத்திக் கேக்கணும்னு நின்னா, அதை மட்டும் நுவாலா வேண்டாம்னுட்டா. நான் எழுதியே வச்சிருந்தேன்.

இந்தச் சமயத்துலதான் லீலாம்மாவுக்கு அடிபட்டுச்சு.

லீலாம்மா கோட்டயத்துக்காரி. வார்டுல எங்க வீட்டுக்காரருக்கு சீனியர். அப்ப சந்திப்புலேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் வெறும் ரோடு. ரெண்டு பக்கமும் கல்லுச் சுவரு, அதுக்கு மேல முள்ளுச் செடி. ஒதுங்க எடம் கெடையாது. குளிர்காலத்துல காலையில ட்யூட்டிக்குப் போறப்ப விடிஞ்சிருக்கவும் செய்யாது. அந்த ரோட்டுல நடந்து போறப்ப ஒரு வேனோட பக்கக் கண்ணாடி அவ கையில அடிச்சு, எலும்பு முறிஞ்சு, அவளைச் சுவரோட சாச்சுட்டுது. நல்ல வேளை, அதோட போச்சு. ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். கையில கட்டுப் போட்டுப் படுத்திருக்கா. "வலிக்குதா சேச்சி"ன்னா, "குடம்புளி போட்டு மீன் கறி வச்சிருந்தேன்டீ, எல்லாம் ரோட்டுல போச்சு"ன்னு அழுதா. நானும் அழுதேன். எங்க வீட்டுக்காரரு அதே ரோட்டுலதான தெனம் போறாரு.

மறுநாளே கேள்வி எழுதினேன். நடைபாதை எப்போன்னு, போக்குவரத்து மந்திரிக்கு. நுவாலா வாசிச்சா, ரெண்டு வார்த்தையைத் தட்டுனா, அனுப்புன்னா.

பதில் வந்துச்சு பாருங்க. 'இவ்விஷயத்தில் எனக்கு நேரடிப் பொறுப்பு ஏதும் இல்லை. இது ரோட்டு வாரியத்தைச் சேர்ந்தது.' சரின்னு வாரியத்துக்கு எழுதினா, 'கவுன்சில் திட்டம் போட்டுத் தந்தால் பரிசீலிப்போம்'. கவுன்சிலுக்கு எழுதினா, 'மந்திரி நிதி ஒதுக்குனா திட்டம் போடுவோம்'. மறுபடி மந்திரிக்கு. 'இவ்விஷயத்தில் எனக்கு...' அதே வரி, அதே கமா. பிள்ளைக மூணு பேரு சுத்தி நின்னு பந்தை எறிஞ்சு வெளையாட, நடுவுல ஒருத்தி ஓடிக்கிட்டே இருக்கால்லா, அப்படி நான் ஓடுதேன்.

நுவாலாவுக்குக் கோவமே வரல. அதான் எனக்குக் கோவம். "வேற மாதிரி கேப்போம்"ம்பா. வார்த்தையை மாத்துவா. நடைபாதைன்னு கேக்காம 'பாதசாரிகள் பாதுகாப்பு'ன்னு கேப்பா. அடுத்த தடவை 'ஆஸ்பத்திரி ஊழியர் போக்குவரத்து'ம்பா. இப்படி ஒரே கதவை ஒவ்வொரு விரலாலயும் தட்டிக்கிட்டே இருந்தா. கேள்வி கேட்ட நேரம் போக மிச்ச நேரம் என்ன செஞ்சாங்கீங்க? மார்ட்டின் ஷீரன்னு அந்த ரோட்டு ஓரத்துல ஒரு ஆட்டுக்காரரு இருக்காரு. அவரு வீட்டு அடுக்களையில போய் உக்காந்து டீ குடிச்சா. ஒரு நாள் இல்ல, வாரா வாரம்! எனக்கு வயிறு எரியுது. இங்க லீலாம்மா கை ஒடிஞ்சு கெடக்கா, இவ அங்க ஆட்டுக்கு நாக்குல வார சீக்கைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கா. அந்த மனுசனோட அக்கா செத்தப்ப கல்லறை வரைக்கும் போனா. நான் கேட்டே புட்டேன்: "நுவாலா, அந்த ஆட்டுக்காரருக்கு ஒரே ஒரு ஓட்டுதான இருக்கு?"

அவ, "ஓட்டு ஒண்ணுதான் ப்ரகாஸி. ஆனா சுவரு ரொம்ப நீளம்"ன்னா.

என்ன பதிலு இது? களைப்புல உளறுதான்னு விட்டுட்டேன்.

அந்தச் சமயத்துலதான் நான் என் கேள்வியை எழுதினேன். வாரக் கடைசியில கேள்விக் கட்டு போவும். அதுல அவ சரின்னு சொன்னதோட சேத்து இன்னொண்ணையும் உள்ள வச்சேன். அவ வேலை மும்முரத்துல இருந்தா, தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான். வேற எந்த எண்ணமும் இல்ல. கேள்வி என்னன்னா: 'மாண்புமிகு மந்திரி அவர்கள் ஒரு ஜனவரி மாதக் காலையில், மழையில், குடையில்லாமல், கையில் சாப்பாட்டுப் பையோடு, கில்ப்ரானி சந்திப்பிலிருந்து ஆஸ்பத்திரி வரை நடந்து பார்த்துவிட்டு, இந்த ரோட்டுக்கு நடைபாதை தேவையில்லை என்று எழுத்து மூலம் சொல்வாரா?'

எப்படி?

அச்சுல வந்தப்ப மழையை எடுத்துட்டாங்க, குடையை எடுத்துட்டாங்க, சாப்பாட்டுப் பையையும் எடுத்துட்டாங்க. பார்லிமெண்டுல கேள்வியைச் சரிபாக்க ஒரு ஆபீஸ் உண்டு, அவங்க வேலை. ஆனா நடக்குறதை விட்டு வச்சிருந்தாங்க. 'ஒரு ஜனவரி காலையில் நடந்து பார்த்து அறிக்கை தருவாரா?' அது போதும்லா?

அந்த மந்திரி இருக்காரே, மாரத்தான் ஓடுறவரு. கால்சட்டையோட ஓடுற படத்தைப் பேப்பர்ல போட்டுக்கிட்டே இருப்பாரு. எங்க ஊரு ரேடியோக்காரனுக்கு இது எப்படியோ கெடச்சிட்டு. காலையில நிகழ்ச்சியில என் கேள்வியை வாசிச்சுட்டு, "டப்ளின்ல ஓடுற மனுசரு கில்ப்ரானியில நடக்கப் பயப்படுதாரா?"ன்னு கேட்டான். ஊரே சிரிச்சுது. நான் அடுக்களையில தோசைக் கரண்டியோட நின்னு கேக்கேன், உடம்பெல்லாம் புல்லரிக்குது. உடனே அவன் நுவாலாவுக்கு ஃபோன் போட்டுட்டான், நிகழ்ச்சியிலேயே. டி.டி.யை இங்க டெபுட்டின்னுதான் கூப்பிடுவாங்க. "டெபுட்டி, இது மந்திரியைக் கேலி பண்ணுற மாதிரி இருக்குன்னு சில பேரு சொல்லுதாங்க. இதை நீங்களே எழுதுனீங்களா, ஆபீஸ்ல வேற யாராவது எழுதுனாங்களா?"

நான் கரண்டியைக் கீழ வச்சேன். இப்ப சொல்லுவா, என் ஆபீஸ்ல பிரகாசின்னு ஒருத்தி இருக்கா, தூத்துக்குடிக்காரி, அவ எழுதுனதுன்னு. எங்க வீட்டுக்காரரையும் தூக்கத்துலேருந்து எழுப்பிட்டேன்.

அவ சொன்னா: "என் பேர்ல வந்த கேள்வி. அது என்னுடையது. குறை சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க."

பாத்தீங்களா? பட்டப்பகல்ல, ரேடியோவுல, ஊரே கேக்க! என்னுடையதாம்! எங்க வீட்டுக்காரரு, "அவ உன்னைக் காப்பாத்துதா பிரகாசி"ன்னுட்டு மறுபடி படுத்துட்டாரு. தூக்கக் கலக்கத்துல என்ன பேசுறோம்னே அந்த மனுசனுக்குத் தெரியாது.

மந்திரி வந்தாரு. ரேடியோவுல அப்படிக் கேட்ட பொறவு வராம இருக்க முடியுமா? ஜனவரி மாசம், காலையில, சொல்லி வச்ச மாதிரி மழை. அவங்க எடுத்த மழையை ஆண்டவரு திருப்பிச் சேத்துட்டாரு. மினுமினுன்னு ஷூ. கூட கவுன்சில் இஞ்சினியர், போட்டோக்காரன், நுவாலா, கையில கட்டோட லீலாம்மா. நான் பின்னாடி. நடக்க ஆரம்பிச்சோம். மந்திரி மொதல்ல சிரிச்சுப் பேசிக்கிட்டே வந்தாரு. பாதி தூரத்துல எதுத்தாப்புல ஒரு பால் டேங்கர். அம்மாடி! ரோடு முழுக்க அதுதான். மந்திரி பாத்தாரு, ஒதுங்க எடமில்ல, சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டாரு. டேங்கர் போன தண்ணியில மனுசன் தலையிலேருந்து கால் வரைக்கும் குளிச்சுட்டாரு. முள்ளுல கோட்டு மாட்டிக்கிட்டுது. லீலாம்மாதான் ஒத்தக் கையால முள்ளை விலக்கி எடுத்து விட்டா.

"இந்த ரோட்டுல நீங்க எப்படித் தெனமும் நடக்குறீங்க?"ன்னு கேட்டாரு, மூக்குல தண்ணி சொட்டச் சொட்ட.

லீலாம்மா, "நடக்க மாட்டோம் சார், ஓடுவோம். நீங்களும் ஓடுறவருதானே"ன்னா.

மந்திரி சிரிக்கல. அவ கைக்கட்டைப் பாத்தாரு. பொறவு இஞ்சினியர் பக்கம் திரும்பி, "எடம் இருக்கா?"ன்னு கேட்டாரு. இஞ்சினியர் தலையைச் சொறிஞ்சாரு: "இந்தச் சுவரை உள்ள தள்ளினா இருக்கு. ஆனா இது தனியார் நெலம். கையகப்படுத்துறதுன்னா வருசக்கணக்கா இழுக்கும்."

அப்ப பாத்து கேட்டுக்குள்ளேருந்து அந்த ஆட்டுக்காரரு வாராரு, மார்ட்டின் ஷீரன். தலையில தொப்பி, வாயில பைப்பு. "இழுக்க வேண்டாம்"ன்னாரு. "சுவரு என்னது. நுவாலாகிட்ட சொல்லிட்டேன். எடுத்துக்கோங்க. ஆனா புதுச் சுவரும் கல்லுலதான் கட்டணும், எங்க அப்பா கட்டுன மாதிரி."

நல்ல மனுசரு! தானா மனசு வந்து கொடுத்தாரு பாருங்க. என் கேள்வி அச்சுல வந்ததைப் பேப்பர்ல பாத்திருப்பாரு, அதுல மனசு எளகியிருக்கும்.

அதுக்குப் பொறவு பந்து எறியுறது நின்னுட்டு. நிதி வந்துச்சு. கோடைக்கு ஜே.சி.பி. வந்துச்சு. மார்ட்டின் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து ஒவ்வொரு கல்லா மேற்பார்வை பாத்தாரு.

எனக்கு என்ன கெடச்சுது? மந்திரி நடந்து போன மறுநாளு நுவாலா என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சா. எதோ பரிசு தரப்போறான்னு நெனச்சுக்கிட்டு உக்காந்தேன். "ப்ரகாஸி, கேள்வியெல்லாம் இனி டப்ளின் ஆபீஸ்ல பாத்துக்கிடட்டும். நீ ஃபோனையும் துக்க வீட்டுச் செய்தியையும் பாரு"ன்னா.

"ஏன்?"ன்னேன்.

"ஏன்னு நீ சொல்லு"ன்னா.

நான் என்ன சொல்ல? மேசையில கெடந்த பேப்பரை அடுக்க ஆரம்பிச்சேன். அவ கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு இருந்தா. பொறவு கறுப்புக் கோட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அன்னையிலேருந்து காலையில நான் வந்ததும் யார் செத்தாங்கன்னு பாக்கணும். எந்தக் கோயிலு, எத்தனை மணிக்கு, பிள்ளைக பேரு என்ன. கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல கப்பலு வார நேரம் எழுதுன கையி, இங்க மனுசன் போற நேரத்தை எழுதுது. நடைபாதையைத் திறந்தப்ப மந்திரி ரிப்பன் வெட்டுனாரு. நுவாலாவைப் பேசச் சொன்னாங்க. மார்ட்டினுக்கு நன்றி சொன்னா, இஞ்சினியருக்குச் சொன்னா, லீலாம்மாவுக்குச் சொன்னா, 'என் ஆபீஸ்ல உள்ளவங்களுக்கு'ன்னும் சொன்னா. உள்ளவங்களுக்காம்! பொதுவா! நான் கை தட்டல அண்ணாச்சி. குடையைப் பிடிச்சிருந்தேன், கை ஒழியல, ஆனா ஒழிஞ்சிருந்தாலும் தட்டியிருக்க மாட்டேன்.

இன்னைக்கு ஏன் டப்ளின் போனேன்னா, நுவாலா வாசிக்கிற கண்ணாடியை மறந்து மேசையில வச்சுட்டுப் போயிட்டா. மத்தியானம் பேசணும், எழுத்து தெரியாது. ஃபோன் போட்டா, காலையில மொத பஸ்ஸு ஏறிக் கொண்டு போய்க் கொடுத்தேன். என்னை மேல கேலரியில உக்கார வச்சாங்க. மொத தடவையா டாலைக் கண்ணால பாத்தேன்.

அண்ணாச்சி, ஆளே இல்ல! எவ்வளவு பெரிய மண்டபம், எத்தனை நாற்காலி! ஒரு மந்திரி, தலைமை நாற்காலியில ஒருத்தரு, அங்கொண்ணு இங்கொண்ணா ரெண்டு மூணு பேரு. அதுல ஒருத்தரு ஃபோனைத் தடவிக்கிட்டிருந்தாரு. இவ எந்திரிச்சு நின்னு கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பேசுதா. எதைப் பத்தி? அந்தக் காது மிஷின் கெழவரைப் பத்தி! அவரு வந்து சொல்லிட்டுப் போயி எவ்வளவு நாளாச்சு, எனக்கே மறந்து போச்சு. நாலு காலி நாற்காலியைப் பாத்து, சபையே நெறஞ்சிருக்க மாதிரி நிறுத்தி நிதானமா, அந்தக் கெழவரு பேரப்பிள்ள பேச்சைக் கேக்க முடியாம டிவியை அணைச்சுட்டு உக்காந்திருக்காருன்னு சொல்லுதா. ஃபோனைத் தடவிக்கிட்டிருந்தவரு நிமிந்து பாத்தாரு. மந்திரி பேனாவை எடுத்தாரு. நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் தொடைச்சேன். ஏசி அங்க ஜாஸ்தி.

பொறவு கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போனா. சூப்பு வாங்கித் தந்தா. உப்பே இல்ல. சூப்பைக் கலக்கிக்கிட்டே, "ப்ரகாஸி, அந்த நடக்குற கேள்வி"ன்னா.

"எந்தக் கேள்வி?"ன்னேன்.

"குடை, சாப்பாட்டுப் பை"ன்னா.

எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. குடையும் பையும் அச்சுல வரவே இல்லையே! அதை எப்படி இவ பாத்தா?

சிரிக்கா. "சந்தேகம் வந்தா கேள்வி ஆபீஸ்லேருந்து எனக்குத்தான் ஃபோன் வரும். அன்னைக்கே வந்துச்சு. முழுசா வாசிச்சுக் காட்டுனாங்க. நான் காரை ஓரமா நிப்பாட்டிட்டுச் சிரிச்சேன். இது உங்க கேள்விதானா, எடுத்துரலாமான்னு கேட்டாங்க. குடையை எடுங்க, பையை எடுங்க, நடக்குறதை விட்டுருங்கன்னேன்."

நான் ஸ்பூனைக் கீழ வச்சுட்டேன். "அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைச் சாவுக் கணக்கு பாக்க வச்சீங்களா?"

"கேள்விக்காக இல்ல. நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன், ரேடியோ முடிஞ்சு பாத்தேன், மந்திரி போன மறுநாளு உன்னை உக்கார வச்சும் பாத்தேன். இங்க என்கிட்ட வேற ஒண்ணும் கெடையாது ப்ரகாஸி. அதிகாரம் கெடையாது, பணம் கெடையாது. என் பேர்ல போறது எனக்குத் தெரிஞ்சு போவுதுன்னு எல்லாரும் நம்புறாங்க, அது ஒண்ணுதான்."

அண்ணாச்சி, நீங்களே நியாயம் சொல்லுங்க. தெரியணும்னா என்கிட்ட வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்லா? கேள்வி கேக்குறதுதான அவ தொழிலு? ஊர்ல உள்ள மந்திரியையெல்லாம் கேக்கத் தெரியுது, எதுத்தாப்புல உக்காந்திருக்க என்னைக் கேக்கத் தெரியலையா? இதை அப்படியே அவ மூஞ்சியிலேயே சொன்னேன்.

அவ சிரிச்சா பாருங்க, பக்கத்து மேசைக்காரங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. கண்ணுல தண்ணி வார வரைக்கும் சிரிச்சா. நான் கொண்டு போன கண்ணாடியைக் கழத்தி, அதைத் தொடைச்சு, கண்ணையும் தொடைச்சா. எனக்கும் சிரிப்பு வந்துட்டு, அடக்கிக்கிட்டேன். கோவமா இருக்கப்ப சிரிச்சா மரியாதை இருக்காது.

"திங்கக்கிழமையிலேருந்து கேள்வியை நீயே பாரு"ன்னா. "ஒரே ஒரு நிபந்தனை. அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் எனக்கு வாசிச்சுக் காட்டணும்."

"யோசிச்சுச் சொல்லுதேன்"ன்னேன். உடனே சரின்னா எளக்காரமாப் போயிரும்லா? சூப்பைக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் சரின்னேன்.

இந்தா, சந்திப்பு வந்துட்டு. பையை எடுத்துக்கிடுங்க, நான் பெல்லை அமுக்குதேன். உங்க மக நிக்குதா பாருங்க, அந்தப் பச்சைக் கோட்டுப் பிள்ளையா?

திங்கக்கிழமைக் கேள்வி எனக்கு இப்பவே ரெடி. இந்த பஸ்ஸு இருக்கே, ஞாயித்துக்கிழமை கோயிலு நேரத்துக்கு ஒண்ணு கூடக் கெடையாது. மந்திரி அவர்கள் ஒரு ஞாயித்துக்கிழமை தன் காரை வீட்டுல விட்டுட்டு, வயசான ரெண்டு பேரைக் கையில பிடிச்சுக்கிட்டு இந்த ஸ்டாப்புல வந்து நிப்பாரான்னு கேக்கப் போறேன். வாசிச்சுக் காட்டணும்னாளே, காட்டுவேன். சொன்ன சொல்லு மாற மாட்டேன். ஆனா வாசிக்கிறப்ப அந்த வயசான ரெண்டு பேரை மட்டும் முழுங்கிட்டு வாசிச்சா, அவளுக்கு என்ன தெரியவா போவுது?